காசநோய் போன பிறகும் விடாத சளி... கிருமியைக் கொல்லும் வைரஸை மூச்சில் இழுக்கும் சிகிச்சை! தருமபுரிக்கு எட்டுமா?

ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டாச்சு. காசநோய் குணமாகிவிட்டது என்று டாக்டரும் சொல்லிவிட்டார். ஆனா இருமல் மட்டும் போகல. சில மாதங்களுக்கு ஒருமுறை காய்ச்சல், பச்சை நிறத்தில் கெட்டியான சளி, மூச்சுத்திணறல். மறுபடியும் காசநோயா என்று பயந்து டெஸ்ட் எடுத்தால், "நெகட்டிவ்" என்றே வருகிறது.

பென்னாகரம், பாலக்கோடு, அரூர் பக்கத்து கிராமங்களில் இருந்து கட்டட வேலைக்கும் கல்குவாரி வேலைக்கும் பெங்களூரு, ஓசூர் என்று போய் வருபவர்களுக்கு இந்த இருமல் வெறும் தொல்லை அல்ல. ஒவ்வொரு முறை படுக்கையில் விழும்போதும் அத்தனை நாள் கூலி போகும்.

இப்படிப்பட்ட நோயாளிகளுக்காக உலகின் சில மருத்துவமனைகளில் ஒரு வித்தியாசமான சிகிச்சை சோதிக்கப்பட்டு வருகிறது. பாக்டீரியாவைக் கொல்லும் வைரஸை நெபுலைசரில் ஊற்றி, மூச்சு வழியாக நுரையீரலுக்குள் அனுப்புகிறார்கள். இதன் பெயர் 'ஃபேஜ் சிகிச்சை'.

வைரஸை நாமே உள்ளே இழுப்பதா? அது ஆபத்து இல்லையா? தருமபுரியில் இருக்கும் ஒரு நோயாளிக்கு இது எப்போதாவது கிடைக்குமா? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

காசநோய் குணமான பிறகும் ஏன் இருமல்?

காசநோய்க் கிருமி செத்துவிட்டாலும், அது நுரையீரலில் விட்டுச் சென்ற தழும்பு அப்படியே இருக்கும். சிலருக்கு மூச்சுக்குழாய்களின் சுவர் சேதமாகி, குழாய்கள் நிரந்தரமாக விரிந்துபோகும். இதைத்தான் டாக்டர்கள் 'பிராங்கியெக்டேசிஸ்' என்கிறார்கள். தமிழில் மூச்சுக்குழாய் விரிவு நோய்.

சாதாரண மூச்சுக்குழாய் சளியை மேலே தள்ளி வெளியேற்றிவிடும். விரிந்துபோன குழாயால் அது முடியாது. பள்ளத்தில் தண்ணீர் தேங்குவது போல சளி தேங்கும். தேங்கிய சளியில் வேறு கிருமிகள் குடியேறும்.

இந்தியாவில் இந்த நோய்க்கு முக்கியக் காரணமே காசநோய்தான். நாடு முழுவதும் 31 மையங்களில் 2,195 பிராங்கியெக்டேசிஸ் நோயாளிகளைப் பதிவு செய்து நடந்த ஆய்வு, 2019ல் 'லான்செட் குளோபல் ஹெல்த்' இதழில் வெளியானது. அவர்களில் 35.5 சதவீதம் பேருக்கு நோய் வந்ததற்குக் காரணம், முன்பு வந்த காசநோய். சளியில் அதிகம் காணப்பட்ட கிருமி 'சூடோமோனாஸ் ஏருஜினோசா'. 13.7 சதவீதம் பேரிடம் அது இருந்தது.

தமிழ்நாட்டில் 2022 முதல் 'காசநோய் இறப்பில்லா திட்டம்' நடக்கிறது. காசநோய் உறுதியானதும் நோயாளியின் எடை, ஆக்சிஜன் அளவு, எழுந்து நிற்க முடிகிறதா என்பதையெல்லாம் பார்த்து, ஆபத்தான நிலையில் இருப்பவர்களை உடனே மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். காசநோயிலிருந்து உயிர் பிழைப்பவர்கள் கூடுவது நல்ல செய்தி. அதே நேரத்தில், பிழைத்தவர்களின் தழும்பேறிய நுரையீரலை யார் கவனிப்பது என்ற கேள்வியும் சேர்ந்தே வருகிறது.

ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் போதாதா?

பல நேரம் போதும். ஆனா சூடோமோனாஸ் சாதாரண கிருமி அல்ல. சளிக்குள் தன்னைச் சுற்றி வழவழப்பான ஒரு பசையைப் போர்த்திக்கொண்டு கூட்டமாக வாழும். இதற்கு 'பயோஃபிலிம்' என்று பெயர். மருந்து இந்தப் பசையைத் தாண்டி உள்ளே போவது கஷ்டம்.

அதையும் தாண்டி மருந்து கிருமிக்குள் நுழைந்தால், அதை வெளியே தள்ளும் 'பம்ப்' ஒன்றும் இந்தக் கிருமியிடம் உண்டு. திரும்பத் திரும்ப ஆன்டிபயாட்டிக் கொடுக்கும்போது, மருந்துக்கு அடங்காத கிருமிகள் மட்டும் பிழைத்துப் பெருகும். கடைசியில் எந்த மருந்தும் கேட்காத நிலை வரும்.

மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களால் 2019ஆம் ஆண்டில் மட்டும் உலகம் முழுவதும் சுமார் 12.7 லட்சம் பேர் நேரடியாக இறந்ததாக ஒரு பன்னாட்டு ஆய்வு கணக்கிட்டது. இந்தியாவில் மட்டும் சுமார் 2.97 லட்சம் பேர்.

சரி, ஃபேஜ் என்றால் என்ன?

'பாக்டீரியோபேஜ்' என்பதன் சுருக்கம்தான் ஃபேஜ். பாக்டீரியாவைத் தின்பது என்று பொருள். இது ஒரு வகை வைரஸ். ஆனா கொரோனா, ஃப்ளூ வைரஸ் போல மனித செல்களைத் தாக்காது. இதற்கு இரை பாக்டீரியா மட்டும்தான்.

ஃபேஜ் தன் இரையின் மேல்தோலில் ஒட்டிக்கொள்ளும். ஊசி போடுவது போலத் தன் மரபணுவை உள்ளே செலுத்தும். பாக்டீரியாவின் உடலையே தொழிற்சாலையாக்கி, தன்னைப் போல் பத்து, நூறு என்று பிரதிகளை உருவாக்கும். கடைசியில் ஒரு நொதியைச் சுரந்து பாக்டீரியாவின் சுவரை உடைத்துக்கொண்டு வெளியே வரும். வெளியே வந்தவை அடுத்த பாக்டீரியாவைத் தேடிப் போகும்.

உடம்புக்குள் போன பிறகு மாத்திரையின் அளவு குறைந்துகொண்டேதான் போகும். ஆனா ஃபேஜ், இரை இருக்கும் வரை பெருகும். இரை தீர்ந்தால் தானும் மெல்ல அழிந்துவிடும்.

இன்னொரு முக்கிய வித்தியாசமும் உண்டு. ஒரு ஃபேஜ் எல்லா பாக்டீரியாவையும் கொல்லாது. ஒரு பூட்டுக்கு ஒரு சாவி மாதிரி, குறிப்பிட்ட வகையை மட்டுமே கொல்லும். அதனால் வயிற்றில் இருக்கும் நல்ல பாக்டீரியாக்களுக்குப் பாதிப்பு குறைவு. ஆனா, ஒருவரின் சூடோமோனாஸைக் கொல்லும் ஃபேஜ் இன்னொருவரின் சூடோமோனாஸைக் கொல்லாமலும் போகலாம்.

இது புதுக் கண்டுபிடிப்பா?

இல்லை. நூறு வருடத்துக்கும் மேல் பழசு. இந்தக் கதை தொடங்கியதிலும் இந்தியாவுக்குப் பங்கு உண்டு.

1896ல் ஆக்ராவில் பணியாற்றிய எர்னஸ்ட் ஹான்கின் என்ற ஆங்கிலேய ஆய்வாளர், கங்கை, யமுனை ஆற்று நீரில் ஏதோ ஒன்று காலரா கிருமியைக் கொல்வதாக எழுதினார். மிக நுண்ணிய வடிகட்டியில் வடிகட்டிய பிறகும் அந்த நீருக்கு அந்தச் சக்தி இருந்தது. கொதிக்க வைத்தால் போய்விட்டது. அது ஃபேஜாக இருந்திருக்கலாம் என்று பின்னாளில் பலர் கருதினார்கள்.

1915ல் இங்கிலாந்தின் ஃபிரெட்ரிக் ட்வார்ட்டும், 1917ல் பாரிஸில் ஃபெலிக்ஸ் டெரெல்லும் தனித்தனியாக ஃபேஜைக் கண்டறிந்தார்கள். பெயர் வைத்தது டெரெல். அவர் 1927ல் இந்தியாவுக்கே வந்து காலரா நோயாளிகளுக்கு ஃபேஜ் கொடுத்துப் பார்த்தார்.

1923ல் ஜார்ஜியா நாட்டின் திபிலிசியில் ஃபேஜ் ஆய்வுக்கென ஒரு நிறுவனம் தொடங்கப்பட்டது. அதுதான் இன்றைய எலியாவா நிறுவனம். ஆனா 1940களில் பென்சிலின் வந்ததும் மேற்கு நாடுகள் ஃபேஜை ஓரங்கட்டிவிட்டன. ஜார்ஜியா கைவிடவில்லை. ஆன்டிபயாட்டிக்குகள் தோற்கத் தொடங்கியதும் உலகம் மறுபடியும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கிறது.

ஏன் மூச்சு வழியாகக் கொடுக்கிறார்கள்?

கிருமி இருப்பது மூச்சுக்குழாயில் தேங்கிய சளிக்குள். ரத்தத்தில் ஊசி போட்டால் மருந்து உடம்பெல்லாம் சுற்றி, அந்தச் சளிக்குள் கொஞ்சமாகத்தான் போய்ச் சேரும். வழியிலேயே கல்லீரலும் மண்ணீரலும் ஃபேஜை வடிகட்டிப் பிடித்துவிடும். நெபுலைசரில் கொடுத்தால் நேராக இடத்துக்கே போகலாம்.

ஆனா இதிலும் நுணுக்கம் இருக்கிறது. மருந்துத் துளி ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் வரும் அளவில் 1 முதல் 5 வரை இருக்க வேண்டும். பெரிசா இருந்தால் தொண்டையிலேயே ஒட்டிக்கொள்ளும். ரொம்பச் சின்னதாக இருந்தால் மூச்சை விடும்போது வெளியே வந்துவிடும். நெபுலைசர் தரும் அழுத்தத்தில் சில ஃபேஜ்களின் வால் பகுதி உடைந்தும் போகும். அதனால் எந்த ஃபேஜுக்கு எந்தக் கருவி பொருந்தும் என்று முதலில் சோதித்துப் பார்க்கிறார்கள்.

இதுவரை கிடைத்த பலன் என்ன?

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக மருத்துவர்கள் 9 பேருக்கு நெபுலைசர் மூலம் ஃபேஜ் கொடுத்த விவரம் 2025ல் 'நேச்சர் மெடிசின்' இதழில் வெளியானது. எல்லோரும் 'சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ்' என்ற பரம்பரை நுரையீரல் நோய் உள்ளவர்கள். வயது 22 முதல் 46 வரை. எல்லோருக்கும் மருந்துக்கு அடங்காத சூடோமோனாஸ் தொற்று. வேறு வழி இல்லாத நிலையில், கருணை அடிப்படையில் இந்தச் சிகிச்சை தரப்பட்டது.

சிகிச்சைக்குப் பிறகு சளியில் கிருமியின் எண்ணிக்கை நன்றாகக் குறைந்தது. மூன்று முதல் ஐந்து வாரம் கழித்துப் பார்த்தபோது, ஒரு நொடியில் ஊதித் தள்ள முடிகிற காற்றின் அளவு கூடியிருந்தது. 9 பேரின் நடு அளவாகப் பார்த்தால் இந்த உயர்வு 6 சதவீதம். பக்கவிளைவு எதுவும் பதிவாகவில்லை.

இந்த மருத்துவர்கள் ஃபேஜைத் தேர்ந்தெடுத்த விதமும் முக்கியமானது. சில ஃபேஜ்கள், கிருமி மருந்தை வெளியே தள்ளப் பயன்படுத்தும் அந்தப் பம்பின் மேல்தான் ஒட்டுகின்றன. ஃபேஜிடமிருந்து தப்பிக்க கிருமி பம்பை மாற்றிக்கொண்டால், மருந்தை வெளியே தள்ள முடியாது. பம்பை வைத்துக்கொண்டால் ஃபேஜ் கொன்றுவிடும். எப்படித் திரும்பினாலும் கிருமிக்குத்தான் நஷ்டம்.

அப்போ இதுதான் அதிசய மருந்தா?

இல்லை. 9 பேர் என்பது சின்ன எண்ணிக்கை. ஃபேஜ் தராத இன்னொரு குழுவோடு ஒப்பிட்டும் பார்க்கவில்லை. இயல்பாகவே ஏற்பட்ட முன்னேற்றம் எவ்வளவு, ஃபேஜால் வந்தது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல, பெரிய ஒப்பீட்டுச் சோதனைகள் வேண்டும்.

தோல்வியும் பதிவாகியிருக்கிறது. பிராங்கியெக்டேசிஸ் இருந்த 81 வயது நோயாளி ஒருவருக்கு, காசநோய்க் கிருமியின் உறவான 'மைக்கோபாக்டீரியம் அப்செசஸ்' தொற்று இருந்தது. ரத்தத்தில் ஃபேஜ் செலுத்தியதும் முதல் மாதத்தில் கிருமி குறைந்தது. ஆனா அவரது உடல் அந்த ஃபேஜுக்கு எதிராகவே ஆன்டிபாடிகளை உருவாக்கிவிட்டது. ஃபேஜ் செயலிழந்தது, கிருமி மறுபடியும் ஏறியது. இது 2021ல் வெளியான ஆய்வு.

ஆன்டிபயாட்டிக்கைத் தூக்கிப் போட்டுவிட்டு ஃபேஜை மட்டும் நம்பலாமா என்றால், அதற்கும் பதில் இருக்கிறது. பெல்ஜியம் மருத்துவர்கள் ஒருங்கிணைத்த 100 நோயாளிகளின் விவரம் 2024ல் வெளியானது. பல வகைத் தொற்றுகள் இருந்த அவர்களில் 77.2 சதவீதம் தொற்றுகளில் முன்னேற்றம் தெரிந்தது. 61.3 சதவீதத்தில் குறிவைத்த கிருமி ஒழிந்தது. ஆனா, ஆன்டிபயாட்டிக் சேர்த்துத் தராதபோது கிருமி ஒழியும் வாய்ப்பு 70 சதவீதம் குறைந்தது. அதாவது, ஃபேஜ் வந்தாலும் ஆன்டிபயாட்டிக்கின் வேலை முடிந்துவிடாது.

காசநோயையே ஃபேஜ் குணப்படுத்துமா?

இந்தக் கேள்விக்கு இப்போதைய பதில்: இல்லை. காசநோய்க் கிருமியைக் கொல்லும் ஃபேஜ்கள் ஆய்வகத்தில் உண்டு. மனிதர்களுக்கான சிகிச்சையாக எதுவும் அங்கீகரிக்கப்படவில்லை. காசநோய் மாத்திரை அரசு மருத்துவமனையில் இலவசம், முழுதாகச் சாப்பிட்டால் பெரும்பாலோருக்குப் பலன் தரும். ஃபேஜ் செய்தியைப் பார்த்துவிட்டு யாரும் அந்த மாத்திரையை நிறுத்தக் கூடாது.

ஆனா இந்த ஆய்வில் சென்னைக்கு ஒரு இடம் உண்டு. காசநோய்க் குடும்பக் கிருமிகளைத் தாக்கும் ஃபேஜ்களில் 'சே 8', 'சே 9', 'சே 12' என்று சில இருக்கின்றன. பெயரில் உள்ள 'சே', சென்னையைக் குறிக்கிறது. சென்னையில் எடுக்கப்பட்ட மாதிரிகளில் கிடைத்தவை இவை. சென்னையில் உள்ள காசநோய் ஆராய்ச்சி நிறுவனம், காசநோய்க் கிருமியைக் கண்டறியும் டெஸ்ட்டுக்கு ஃபேஜைப் பயன்படுத்துவது பற்றியும் ஆய்வு செய்திருக்கிறது.

சென்னை ஃபேஜ்கள் சிலவற்றின் மரபணு வரிசையை 2003ல் வெளியிட்ட அமெரிக்க விஞ்ஞானி கிரகாம் ஹாட்ஃபுல், பின்னர் உலகம் முழுவதும் இருந்து சேர்த்த ஃபேஜ் சேகரிப்பைப் பெரிதாக வளர்த்தார். லண்டனில் நுரையீரல் மாற்று அறுவை சிகிச்சைக்குப் பிறகு அப்செசஸ் தொற்றால் உயிருக்குப் போராடிய 15 வயதுப் பெண்ணுக்கு, அந்தச் சேகரிப்பில் இருந்துதான் மூன்று ஃபேஜ்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. அதில் ஒன்று தென்னாப்பிரிக்காவில் அழுகிய கத்தரிக்காயில் கிடைத்தது! அவரது அறுவை சிகிச்சைப் புண் மூடியது, தோல் கட்டிகள் மறையத் தொடங்கின. 2019ல் வெளியான இந்தச் செய்திதான் ஃபேஜ் பக்கம் பலரின் கவனத்தைத் திருப்பியது.

இந்தியாவில் என்ன நடக்கிறது?

வாரணாசியில் உள்ள பனாரஸ் இந்து பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் கோபால் நாத் குழுவினர், ஆறாத புண் உள்ள 20 பேருக்குப் புண் மேலேயே ஃபேஜ் கலவையைத் தடவிச் சோதித்தார்கள். மூன்று முதல் ஐந்து முறை தடவிய பிறகு புண்ணில் தொற்று நீங்கியது. 21ஆம் நாளில் 7 பேருக்குப் புண் முழுதாக ஆறியிருந்தது. இது 2019ல் வெளியானது.

தருமபுரிக்குப் பக்கத்திலும் இந்தத் துறை இருக்கிறது. பெங்களூருவில் 2000ல் தொடங்கப்பட்ட 'கங்காஜென்' நிறுவனம், ஃபேஜின் புரதத்தை வைத்து மருந்து உருவாக்கும் வேலையில் இறங்கியது. வேலூர் விஐடி பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ரமேஷ் நாச்சிமுத்து குழுவினர் ஃபேஜ் சிகிச்சை பற்றி ஆய்வு செய்து வருகிறார்கள்.

இருந்தாலும், நெபுலைசரில் ஊற்றி மூச்சில் இழுக்கும் ஃபேஜ் மருந்து எதற்கும் இந்தியாவில் அனுமதி இல்லை. வசதி உள்ள சில இந்திய நோயாளிகள் ஜார்ஜியாவுக்குப் போய் ஃபேஜ் சிகிச்சை எடுத்து வருகிறார்கள். கூலி வேலை செய்யும் ஒருவருக்கு அந்த வழி கிடையாது.

தருமபுரி வரை வர என்ன தேவை?

ஃபேஜுக்குப் பஞ்சமே இல்லை. ஆற்று நீர், மண், சாக்கடை என்று பாக்டீரியா இருக்கும் இடமெல்லாம் ஃபேஜ் இருக்கும். ஒகேனக்கல்லில் விழும் காவிரியிலும் இருக்கும். அதற்காக ஆற்று நீரைக் குடித்தால் நோய் தீரும் என்று அர்த்தம் இல்லை. அதே நீரில் நோய் தரும் கிருமிகளும் இருக்கும்.

இயற்கையில் இருக்கும் ஃபேஜை மருந்தாக்க, நான்கு கண்ணிகள் கொண்ட சங்கிலி வேண்டும்.

முதலில், நோயாளியின் சளியில் எந்தக் கிருமி இருக்கிறது என்று கல்ச்சர் செய்து பிரித்தெடுக்க வேண்டும். இரண்டாவது, அந்தக் கிருமியைக் கொல்லும் ஃபேஜைத் தேடித் தர ஒரு ஃபேஜ் வங்கி வேண்டும். மூன்றாவது, செத்த பாக்டீரியாவின் நச்சுக் கழிவுகள் ஒட்டாமல் சுத்திகரித்துத் தரும் ஆய்வகம் வேண்டும். இல்லையென்றால் அந்த நச்சே காய்ச்சலையும் ரத்த அழுத்தச் சரிவையும் கொண்டுவந்துவிடும். நான்காவது, அதற்குச் சட்டம் இடம் தர வேண்டும்.

இந்த நான்காவது கண்ணிதான் சிக்கல். ஒரு மாத்திரை என்றால், ஒரே பொருளை லட்சம் பேருக்குத் தயாரிக்கலாம். அதற்குத்தான் மருந்துச் சட்டங்கள் எழுதப்பட்டிருக்கின்றன. ஃபேஜோ ஆளுக்கு ஆள் மாறும். பெல்ஜியம் இதற்கு 2018ல் ஒரு வழி கண்டது. டாக்டர் எழுதித் தரும் சீட்டின்படி, குறிப்பிட்ட நோயாளிக்காக மருந்தாளுநர் ஃபேஜ் மருந்தைத் தயாரித்துத் தரலாம். தரத்தை அரசு அங்கீகரித்த ஆய்வகம் சோதிக்கும்.

இந்தியாவில் அப்படி ஒரு தனி வழி வந்தால், ஆய்வகம் வேலூரிலோ பெங்களூருவிலோ இருந்தாலும் போதும். தருமபுரியிலிருந்து சளி மாதிரி போகலாம், குளிர்ப்பெட்டியில் மருந்து வரலாம். மருந்தைக் கொடுக்கத் தேவையான நெபுலைசர் சாதாரண மருத்துவமனைகளிலும் இருக்கும் கருவிதான்.

இப்போது நோயாளிகள் என்ன செய்யலாம்?

ஃபேஜ் வரும் வரை சும்மா இருக்கத் தேவையில்லை. முதல் கண்ணியான சளி கல்ச்சர் டெஸ்ட் இன்றே பயன்படும்.

காசநோய்க்காக எடுக்கும் 'சிபிநாட்' டெஸ்ட், காசநோய்க் கிருமியை மட்டுமே தேடும். அது நெகட்டிவ் என்றால் சளியில் வேறு கிருமி இல்லை என்று அர்த்தம் ஆகாது. காசநோய் வந்து போனவருக்கு வாரக்கணக்கில் சளி நிற்கவில்லை என்றால், நெஞ்சக நோய் மருத்துவரிடம் 'கல்ச்சர் அண்ட் சென்சிடிவிட்டி' டெஸ்ட் தேவையா என்று கேட்கலாம். எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்று அதில் தெரிந்துவிடும்.

மாதிரி கொடுக்கும்போது எச்சில் போதாது. காலையில் எழுந்ததும் வாய் கொப்பளித்துவிட்டு, ஆழமாக மூச்சிழுத்து இருமி வரும் சளிதான் வேண்டும். முடிந்தவரை புது ஆன்டிபயாட்டிக் தொடங்கும் முன்பே கொடுத்துவிடுவது நல்லது. மாதிரி சீக்கிரமாக ஆய்வகத்துக்குப் போய்ச் சேர வேண்டும்.

மெடிக்கல் ஷாப்பில் தானாகவே ஆன்டிபயாட்டிக் வாங்கி, இரண்டு நாளில் நிறுத்துவது நுரையீரலில் இருக்கும் கிருமிக்குப் பயிற்சி கொடுப்பது போல. சளியை வெளியேற்றும் மூச்சுப் பயிற்சியை பிசியோதெரபிஸ்ட்டிடம் கற்றுக்கொண்டு தினமும் செய்தால், கிருமி தங்கும் இடமே குறையும். வீட்டில் நெபுலைசர் வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு முறையும் கழுவிக் காய வைக்க வேண்டும். சூடோமோனாஸ் ஈரத்தில்தான் வளரும்.

இருமலில் ரத்தம் வந்தாலோ, மூச்சுத்திணறல் திடீரென்று அதிகமானாலோ, தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஆன்லைனில் 'ஃபேஜ் மருந்து' என்று யாராவது விற்றால் வாங்கக் கூடாது. உங்கள் கிருமி எது என்று தெரியாமல் தரும் ஃபேஜ், பூட்டைப் பார்க்காமல் செய்த சாவிதான். அந்தப் பூட்டு எது என்று காட்டும் சளி கல்ச்சரைத்தான் முதலில் கேட்டு வாங்க வேண்டும்.